முகமில்லாத படத்துடன் மதுரையில் நான்கு நாள்கள்

முதல் நாள், வியாழக்கிழமை

நான் தங்கியிருக்கும் டவுன் ஹால் சாலை விடுதியின் வரவேற்பு மேசையில், சாவிகள் தொங்கும் பலகைக்குக் கீழே, ஒரு சாண் உயரத்தில் மூன்று பீங்கான் குரங்குகள் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று கண்ணையும், ஒன்று காதையும், ஒன்று வாயையும் பொத்திக்கொண்டிருக்கிறது. பேரேட்டில் என் பெயரை எழுதிக்கொண்டிருந்த பெரியவர், நான் அவற்றையே பார்ப்பதைக் கவனித்து, "காந்தி குரங்குதாம்மா. கெட்டதைப் பார்க்காதே, கேக்காதே, பேசாதேன்னு சொல்லுது" என்றார். நான் தேடி வந்த விஷயம் இப்படி விடுதி வாசலிலேயே எதிரே வந்து நின்றது.

எதற்காக வந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சாத்தூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் 26 ஆண்டுகள் ஓவிய ஆசிரியையாக இருந்து, இந்த மே மாதம் ஓய்வு பெற்றேன். பீரோவைக் காலி செய்தபோது, அடித்தட்டில் ஒரு கார்ட்ரிட்ஜ் தாள் கிடைத்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி வரைந்த பென்சில் படம் அது. ஏழு பேர் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக நிற்கிறார்கள். அவர்களுக்கு எதிரே எதுவும் இல்லை, வெறும் தாள்தான். அவர்களுக்கும் நமக்கும் இடையிலுள்ள தரையில் ஒற்றைச் செருப்பு ஒன்று ஒருக்களித்துக் கிடக்கிறது. அதன் வாருக்கு மட்டும் மஞ்சள் வண்ணம் தீட்டப்பட்டிருக்கிறது. படம் முழுவதிலும் வேறு வண்ணமே கிடையாது. முதுகுகள் எல்லாம் ஒன்றுபோல இல்லை. ஒருவரின் சட்டையில் வியர்வைத் திட்டு, ஒருவரின் தோளில் துண்டு, இடமிருந்து மூன்றாவதாக நிற்கும் பெண்ணின் கொண்டைக்குக் குறுக்கே கொண்டை ஊசி போல ஒரு கோடு. கீழே மூலையில் "பார்த்தாச்சு" என்று தலைப்பு எழுதியிருந்தாள்.

அன்று நான் அவளிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "மொகம் எங்கம்மா?"

"அவங்க திரும்ப மாட்டாங்க டீச்சர்" என்றாள்.

மாவட்டப் போட்டிக்குப் படங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டிய அவசரத்தில் இருந்த நான், முகம் வரையப் பயந்துதான் பிள்ளைகள் முதுகை வரைகிறார்கள் என்ற பழைய முடிவோடு, நெற்றிக்கும் மூக்குக்கும் உள்ள அளவுகளைச் சொல்லிக் கொடுத்து, வேறு படம் வரைந்து வரச் சொன்னேன். அவள் அந்தப் படத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் இல்லை, வேறு படம் வரைந்து தரவும் இல்லை. அதற்கு முந்தைய வாரத்தில்தான் எங்கள் பக்கத்துப் பட்டாசு ஆலை ஒன்றில் விபத்து நடந்திருந்தது. அந்தச் செய்தியை நானும் படித்தேன். என் வகுப்புப் பிள்ளைகளின் வீடுகளில் பாதிக்கு மேல் பட்டாசுக் கூலியை நம்பியவை என்பதும் எனக்குத் தெரியும். இந்த இரண்டையும் அந்தத் தாளோடு சேர்த்துப் பார்க்க எனக்கு நான்கு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. உலகத்தின் வலிக்கு முதுகு காட்டுவதைப் பற்றிய படம் அது என்பது இப்போது புரிகிறது. ஆனால் அதை முழுவதும் வாசித்துவிட்டதாக என்னால் சொல்ல முடியவில்லை. கல்லிலும் துணியிலும் இதே விஷயத்தைப் பேசும் உருவங்கள் மதுரையைச் சுற்றி நிறைய இருக்கின்றன. அவற்றின் முன்னால் நின்று மறுபடியும் வாசிக்கக் கற்றுக்கொள்ளலாம் என்றுதான் படத்தைச் சுருட்டிக் குழலில் வைத்து எடுத்து வந்திருக்கிறேன்.

குரங்குகளுக்கு வருகிறேன். காந்தியின் மிகச் சில உடைமைகளில் ஒன்றாக இருந்த இந்த உருவத்தின் புகழ்பெற்ற வடிவம், ஜப்பானில் நிக்கோ என்னும் ஊரிலுள்ள தோஷோகு ஆலயத்தின் குதிரை லாயச் சுவரில் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டு மரச்செதுக்கு அது. குரங்குகள் குதிரைகளை நோயிலிருந்து காக்கும் என்பது அங்குள்ள பழைய நம்பிக்கை. ஜப்பானிய மொழியில் குரங்குக்கு 'சாரு' என்று பெயர். 'செய்யாமல்' என்று எதிர்மறைப் பொருள் தரும் விகுதி 'ஜாரு'. அந்தச் சொல் விளையாட்டிலிருந்துதான் பார்க்காத, கேட்காத, பேசாத குரங்குகள் பிறந்தன என்று சொல்வார்கள். நாம் எல்லோரும் அந்த மூன்றை மட்டும் வெட்டியெடுத்து மேசையில் வைத்துக்கொண்டோம். லாயத்தில் இருப்பவை மொத்தம் எட்டுப் பலகைகள். ஒரு குரங்கின் வாழ்க்கை வழியாக மனித வாழ்க்கையைச் சொல்பவை. மூன்று குரங்குகள் வருவது இரண்டாவது பலகையில், குழந்தைப் பருவத்துக்கு. அதற்கு முந்தைய பலகையில் தாய்க்குரங்கு, நெற்றிக்கு மேல் கையை வைத்து, குட்டியின் எதிர்காலத்தைத் தொலைவில் பார்த்துக்கொண்டிருக்கிறது. கண்ணைப் பொத்தும் குட்டியும் கண்ணைக் கூர்ந்து விரிக்கும் தாயும் அடுத்தடுத்த பலகைகளில் இருக்கிறார்கள். வளர்ந்தவர்களாகிய நாம் தாயின் பலகையை விட்டுவிட்டுக் குட்டியின் பலகையை எடுத்துக்கொண்டது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சீன ஞானி கன்பூசியஸின் பழைய அறிவுரையில் பாராமை, கேளாமை, பேசாமையோடு நான்காவதாகச் செய்யாமையும் உண்டு: முறையற்றதைச் செய்யாதே. அந்த நான்காவது, குரங்குகளின் கூட்டத்தில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. பீங்கான் பொம்மையை அருகில் குனிந்து பார்த்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: மூன்றுக்கும் ஆறு கைகள் இருக்கின்றன, ஆறும் தத்தம் முகத்துக்கே செலவாகிவிட்டன. எதிரே ஒருவர் விழுந்தால் தூக்குவதற்கு ஒரு கைகூட மிச்சமில்லை.

மாலையில் தமுக்கம் போய், ராணி மங்கம்மாளின் பழைய அரண்மனையில் 1959இல் தொடங்கப்பட்ட காந்தி நினைவு அருங்காட்சியகத்தைப் பார்த்தேன். 1948 ஜனவரி 30 அன்று சுடப்பட்டபோது அவர் உடுத்தியிருந்த துணி அங்கே கண்ணாடிக்குள் இருக்கிறது. எனக்கு முன்னால் ஒரு தகப்பனும் ஆறு வயதிருக்கும் மகளும் நின்றிருந்தார்கள். இரத்தக் கறை என்று தெரிந்தவுடன் அவர் தன் உள்ளங்கையால் மகளின் கண்களை மூடினார். பிள்ளை அந்தக் கையைத் தள்ளிவிடவில்லை. இரண்டு விரல்களை மட்டும் மெல்ல அகற்றி, இடுக்கு வழியாகப் பார்த்தது. "யாருப்பா அடிச்சா?" என்று கேட்டது. அவர் குனிந்து, அவள் காதருகில் ஏதோ நீண்ட நேரம் சொன்னார். மூடிய கை மீது எனக்கிருந்த கோபம் அப்போது போய்விட்டது. பக்கத்தில் நின்று சொல்லித் தருகிற ஒருவருடைய கையாக இருந்தால் அது கொஞ்ச நேரம் கண்ணை மூடலாம்.

விடுதிக்கு நடந்து திரும்பும்போது மேலமாசி வீதியில் 251ஆம் எண் வீட்டின் முன் நின்றேன். இப்போது கீழே கதர்க்கடை இருக்கிறது. 1921 செப்டம்பர் 22 அன்று இங்கேதான் காந்தி மேலாடையைக் களைந்து இடுப்புத் துணியோடு வெளியே வந்தார். மதுரைக்கு வரும் ரயிலில், கதர் உடுத்தும்படி அவர் சொன்னபோது, அதை வாங்குவதற்குக் காசில்லாத ஏழைகள் நாங்கள் என்று சக பயணிகள் பதில் சொன்னார்கள். அந்தப் பதிலைக் கேட்டுவிட்டு, கேட்காததுபோல இருந்துவிட அவரால் முடியவில்லை. கேட்ட சொல்லைத் தன் உடம்பின் மேலேயே எழுதிக்கொண்டார் என்றுதான் அந்த அரைத்துணியை நான் வாசிக்கிறேன். மூன்று குரங்குகளைப் பக்கத்தில் வைத்திருந்தவர் அவற்றை எப்படிப் புரிந்துகொண்டிருந்தார் என்பதற்கு இந்த வீட்டு வாசலை விட நல்ல உரை கிடையாது.

இரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை

காலை ஆறரை மணிக்கே கீழக்குயில்குடிக்குப் போய்விட்டேன். நகரத்துக்கு மேற்கே, நாகமலைப் புதுக்கோட்டையை ஒட்டிய ஊர். சமணமலை அடிவாரத்தில் தாமரைக் குளமும், விழுது பரப்பிய ஆலமரமும், கருப்பசாமி கோயிலும் இருக்கின்றன. வெயில் ஏறுவதற்குள் மேலே போய்விட வேண்டும் என்று, வழக்கம்போலப் பென்சிலைக் கொண்டையில் செருகிக்கொண்டு, பாறையில் வெட்டிய படிகளில் ஏறினேன்.

கண்ணை மூடிய உருவங்கள் எல்லாமே உலகத்தை விட்டு முகம் திருப்பியவைதாமா என்ற கேள்வியோடுதான் இந்த மலைக்கு வந்தேன். துறவிகளைப் பற்றி அப்படி ஒரு குற்றச்சாட்டு எப்போதும் உண்டு: ஊரில் பஞ்சம், இவர்கள் குகையில் தவம். பேச்சிப்பள்ளத்தில் சுனைக்கு மேலே பாறையில் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கும், சமணர்கள் வணங்கும் தீர்த்தங்கரர்களின் முன்னால் இன்று இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. இமைகள் தாழ்ந்திருக்கின்றன, கைகளோ முகத்துக்குப் போகவில்லை, மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக விரிந்து கிடக்கின்றன. நேற்றைய குரங்குகளைப் பார்த்த கண்ணோடு பார்த்ததால் இந்த வேறுபாடு முதலிலேயே தெரிந்தது. எதையும் தடுக்காத கைகள் அவை. தலைக்கு மேல் ஐந்து தலை நாகம் குடை பிடிக்கும் பார்சுவநாதரின் கதையிலும் இதே நிலைதான்: பகைவன் கல்லை எறிகிறான், மழையைப் பொழிவிக்கிறான், அவர் கையை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொள்ளவில்லை.

வரிசையில் என்னை நெடுநேரம் நிறுத்தியது பாகுபலி. நின்ற கோலம், தொங்கும் கைகள், கால்களைச் சுற்றி ஏறும் கொடி, இரு பக்கமும் சகோதரிகளான பிராமியும் சுந்தரியும். அண்ணன் பரதனோடு ஆட்சிக்காக மோதியபோது, அடிப்பதற்கு ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. அந்தக் கை திரும்பித் தன் தலைமுடியையே பறித்துக்கொண்டது. அதன்பிறகு அவர் கொடி படரும்வரை அசையாமல் நின்றார் என்பது கதை. அவர் புறக்கணித்தது தான் உண்டாக்கவிருந்த வலியை. மற்றவர் வலியைக் காணப் பொறுக்காமல் கண்ணை மூடுவதும், தன் கையால் வலி பிறக்கக் கூடாது என்று கையைத் தாழ்த்துவதும் தொலைவிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் தெரியும். அருகே போய்க் கையைப் பார்க்க வேண்டும். அதோடு, அவர் தவத்தில் நின்றபோதும் தன்னகந்தை விடவில்லை, "யானையிலிருந்து இறங்கு" என்று சகோதரிகள் வந்து சொன்ன பிறகுதான் ஞானம் வாய்த்தது என்று ஒரு மரபுக் கதை சொல்கிறது. தனியே நின்று கண்டடைந்தார் என்று விட்டுவிடாமல், சொல்லித் தர வந்த இரண்டு பெண்களையும் அதே பாறையில் செதுக்கிய சிற்பியை நான் மனதாரக் கும்பிடுகிறேன்.

சிற்பங்களின் கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. செய்வித்தவர்களின் பெயர்களைச் சொல்பவை. அவற்றில் ஒன்று, அச்சணந்தி என்னும் துறவியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி என்று சொல்கிறது. மகன் வீட்டைத் துறந்து போனான். தாய் அவனைத் துறக்கவில்லை. அவன் போன பாதையிலேயே வந்து, ஒரு திருமேனியைச் செதுக்கச் சொல்லி, தன் பெயருக்கு முன்னால் அவன் பெயரை வெட்டச் செய்திருக்கிறாள். ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த இரண்டு பெயர்களும் ஒரே வரியில் இருக்கின்றன. இந்த மலைத் துறவிகளின் சமயம் உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்னும் நான்கு தானங்களை வலியுறுத்தியது என்பதையும் இங்கே நினைவுபடுத்திக்கொள்கிறேன். குகை வாசலைத் தட்டிய பசிக்கும் நோய்க்கும் அங்கே பதில் இருந்தது.

இறங்கும் வழியில் செட்டிப்புடவும் பார்த்தேன். வாசலில் பெரிய தீர்த்தங்கரர். நீண்ட காதுகளைப் பார்த்து ஊரார் அவரைச் செட்டியார் ஆக்கிவிட்டார்கள். உள்ளே சிங்கத்தின் மேல் அமர்ந்து யானைமேல் வரும் எதிரியோடு போரிடும், சமணப் பெண் தெய்வமான இயக்கியின் சிற்பம் இருக்கிறது. அதைப் பற்றி எழுத வேறொரு நாள் வேண்டும்.

படத்தைக் குழலிலிருந்து எடுத்து ஆலமரத்தடியில் விரித்துப் பார்த்தேன். அந்த ஏழு பேரின் கைகளை அன்று நான் கவனிக்கவே இல்லை. ஏழு பேருக்கும் கைகள் உடம்புக்கு முன்பக்கமாகப் போய்விட்டன. முழங்கை மட்டும்தான் தெரிகிறது. கட்டிக்கொண்டிருக்கிறார்களா, கும்பிடுகிறார்களா, கைப்பேசி வைத்திருக்கிறார்களா, முகத்தைப் பொத்திக்கொண்டிருக்கிறார்களா? ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை அதைத் தெரிந்தேதான் மறைத்திருக்கிறாள்.

மூன்றாம் நாள், சனிக்கிழமை

இன்று புதுமண்டபம். மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் 17ஆம் நூற்றாண்டில் வசந்த விழாவுக்காகக் கட்டிய மண்டபம். நான் கல்லூரியில் படித்த காலத்தில் உள்ளே தையல் இயந்திரங்களின் சத்தத்துக்கு நடுவே, தொங்கும் பாவாடைகளையும் பித்தளைப் பாத்திரங்களையும் விலக்கித்தான் தூண்களைப் பார்க்க வேண்டும். கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. தைத்துக் கொடுத்த அந்தக் கைகளை நினைக்காமல் இந்தத் தூண்களைப் பார்க்க என்னால் முடியவில்லை. ஆனாலும் சிற்பங்கள் வெளிச்சத்துக்கு வந்தது நல்லதுதான்.

நான் பார்க்க வந்தது ஒரே ஒரு தூணை. பன்றி முகமும் பெண்ணுடலுமாக நிற்கும் சிவன், மார்பில் பன்றிக்குட்டிகள். திருவிளையாடலில் வரும் கதை இது. குருவிருந்துறை வேளாளர் சுகலனுடைய பன்னிரண்டு பிள்ளைகள், பெற்றோரை இழந்து கட்டுக்கடங்காமல் திரிந்து, தவத்திலிருந்த குருவைத் துன்புறுத்தி, பன்றிக்குட்டிகளாகப் பிறக்கும்படி சாபம் பெறுகிறார்கள். பாண்டியன் வேட்டையில் தந்தைப் பன்றியும் தாய்ப் பன்றியும் மடிகின்றன. காட்டில் பசியோடு கதறும் குட்டிகளுக்குத் தாய்ப் பன்றியின் வடிவத்திலேயே வந்து சொக்கநாதர் பால் கொடுக்கிறார். பிறகு அந்தப் பன்னிரண்டு பேரும் பாண்டியனின் அமைச்சர்கள் ஆகிறார்கள்.

மூன்று மணி நேரம் அந்தத் தூணை வரைந்தேன். வரையும்போதுதான் சில விஷயங்கள் கைக்குத் தெரிய வருகின்றன. குட்டிகள் கடவுளின் முகத்தைப் பார்க்கவில்லை. பசி அவற்றை மார்போடு ஒட்டவைத்திருக்கிறது. உதவுபவர் யார் என்று தெரிந்துகொள்ளும் நிலையில் அவை இல்லை. கதையை எண்ணிப் பார்த்தால் இன்னொன்றும் விளங்குகிறது. முந்தைய பிறவியில் அந்தப் பிள்ளைகள் தவறு செய்தவர்கள். சாபம் நியாயமானது என்று சொல்லி எவரும் ஒதுங்கிப் போயிருக்கலாம். நாம் பெரும்பாலும் அப்படித்தான் ஒதுங்குகிறோம். பட்டாசு ஆலையில் விபத்து என்றால் விதியை மீறியிருப்பார்கள், குடித்துவிட்டு வண்டி ஓட்டியிருப்பான், கடன் வாங்கியபோது யோசித்திருக்க வேண்டும் என்று, வலிக்கு ஒரு காரணம் கண்டுபிடித்தவுடன் நமக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ள உரிமை வந்துவிடுகிறது. இந்தத் தூணில் நிற்பவருக்கு அந்தக் கணக்கு முழுவதும் தெரியும். தெரிந்த பிறகும் வந்தார்; அதுவும் தன் முகத்தோடு வரவில்லை. கோயிலில் பார்க்கும் அழகிய சொக்கர், அந்தக் குட்டிகளுக்குப் பழகிய முகத்தைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். பெயரிலேயே அழகை வைத்திருக்கும் ஒரு கடவுளுக்குப் பன்றி முகத்தைச் செதுக்கும் துணிவு இந்த ஊர்ச் சிற்பிகளுக்கு இருந்திருக்கிறது.

என் பின்னால் வந்த ஒரு குடும்பத்தில் மூத்த பெண்மணி, "இது வராகி அம்மன்" என்று பிள்ளைகளுக்குச் சொன்னார். நான் தயங்கித்தான் கதையைச் சொன்னேன். கேட்டு முடித்த அவர் திருத்தியதற்காகச் சங்கடப்படவில்லை. தூணருகே போய், குட்டிகளில் ஒன்றின் முதுகைக் கைக்குழந்தைக்குத் தட்டிக் கொடுப்பதுபோல இரண்டு முறை தட்டினார். "பால் குடிச்சா ஏப்பம் வர வேணாமா" என்றார். அந்தக் குட்டியின் முதுகு மற்றவற்றை விட வழவழப்பாக இருப்பதை நான் முன்பே கவனித்திருந்தேன். காரணம் இப்போது தெரிந்தது.

மாலையில் பொற்றாமரைக் குளத்தின் படியில் உட்கார்ந்திருந்தேன். கூட்டம் அதிகம். வேறு எழுத எதுவும் இல்லை.

நான்காம் நாள், ஞாயிற்றுக்கிழமை

ஆரப்பாளையத்துக்கு அருகே, வைகைக் கரையை ஒட்டிய பிட்டுத்தோப்புக்குக் காலையில் போனேன். ஆவணி மூலத் திருவிழாவில் சொக்கநாதர் பிட்டுக்கு மண் சுமக்க இங்கே எழுந்தருளுவார். திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகரும், திருப்பரங்குன்றத்திலிருந்து முருகனும் வந்து சேர்வார்கள். அன்று கால் வைக்க இடமிருக்காது. இன்று அமைதியாக இருந்தது.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். வைகை பெருக்கெடுக்க, வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் கட்டளையிடுகிறான். பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்திக்கிழவிக்கு ஆள் இல்லை. உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்றுக்கொண்டு, இறைவன் கூலியாளாக வந்து, ஆடிப்பாடி, படுத்துத் தூங்கி, வேலையைக் கெடுக்கிறார். மன்னன் பிரம்பால் முதுகில் அடிக்கிறான். அந்த அடி மன்னன் முதுகிலும், அரசியர், அமைச்சர், நின்றவர், இருந்தவர், கருவில் இருந்த பிள்ளை வரை எல்லா உயிரின் மேலும் விழுகிறது.

இந்தக் கதையைப் பலமுறை பிள்ளைகளுக்கு வரைந்து காட்டியிருக்கிறேன். மன்னனின் ஓங்கிய கை, கூலியாளின் கூடை, கிழவியின் கூன், இவற்றையெல்லாம் கரும்பலகையில் போட்டிருக்கிறேன். அடி எங்கே விழுந்தது என்பதை மட்டும் நான் யோசித்ததில்லை. அது முதுகில் விழுந்தது. மதுரையில் அன்று கிழவியின் பங்குக் கரை உடைந்து கிடந்ததை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? ஒருவரும் ஒரு கூடை மண் போட்டதாகக் கதை சொல்லவில்லை. எல்லோரும் அவரவர் பங்கைப் பார்த்துக்கொண்டு அவளுக்கு முதுகைக் காட்டி நின்றிருக்கிறார்கள். வலி அவர்களைத் தேடி வந்தபோது, அவர்கள் எதைக் காட்டிக்கொண்டிருந்தார்களோ அங்கேயே வந்து பட்டது. கண்ணை மூடிக்கொள்ளலாம், காதைப் பொத்திக்கொள்ளலாம். முதுகைப் பொத்திக்கொள்ளக் கை எட்டாது.

கோயிலுக்கு வெளியே, தள்ளுவண்டியில் இட்லியும் பிட்டும் விற்கும் ஓர் அக்காவிடம் பிட்டு வாங்கினேன். அரிசி மாவை வறுத்து, ஆவியில் வேகவைத்து, சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் தூவித் தையல் இலையில் வைத்துத் தந்தார். அரை அடி உயரத்திலிருந்து அவர் அதைத் தட்டும்போது, ஓரத்தில் பொடி உதிர்ந்தது. அந்த உதிர்ந்த பொடியையும் கரண்டியால் வழித்து என் இலையிலேயே போட்டார். கல் திண்ணையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, படத்தைப் பக்கத்தில் விரித்துவைத்து, கதையில் முதுகு வரும் இடத்தைக் குறித்துக்கொள்ளலாம் என்று பென்சிலைத் தேடினேன். பையில் இல்லை. குழலில் இல்லை. திண்ணைக்கு அடியிலும் குனிந்து பார்த்தேன்.

"பென்சிலையா தேடுறீங்க? கொண்டையில சொருகியிருக்கு பாருங்கம்மா" என்றார் அந்த அக்கா, வண்டியிலிருந்தே.

கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பென்சிலைத் தொட்டேன். தொட்ட கையை எடுக்காமலேயே படத்தைப் பார்த்தேன். இடமிருந்து மூன்றாவது பெண். கொண்டைக்குக் குறுக்கே அந்தக் கோடு. ஊசியென்றால் இரண்டு பக்கமும் ஒரே தடிமனாக இருக்கும். இது ஒரு முனையில் கூர்மையாகவும் மறுமுனையில் மொட்டையாகவும் இருக்கிறது. நடுவில் பட்டைகளைக்கூடக் கோடு போட்டுக் காட்டியிருக்கிறாள். சேலையின் மேல் விளிம்பில் சிறிய கட்டம். சுங்குடியில் அந்தக் கரை வைத்த சேலை என்னிடம் ஒன்றுதான் இருந்தது, புதன்கிழமைகளில் கட்டுவேன்.

அவள் முகம் வரையத் தெரியாமல் முதுகு வரையவில்லை. கரும்பலகைக்கு முன் நின்று நான் எழுதும்போதெல்லாம் அவளுக்குத் தெரிந்தது அந்த முதுகுதான். அதை அத்தனை துல்லியமாகப் பார்த்து வைத்திருக்கிறாள். மற்ற ஆறு பேரும் யாரோ ஆறு பேர்தாம் என்று இனி என்னால் சொல்ல முடியாது. ஒவ்வொருவரையும் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

என்னிடம் அவள் அம்மாவின் எண் பழைய வருகைப் பதிவுக் குறிப்பில் இருந்தது. மாட்டுத்தாவணியில் சாத்தூர்ப் பேருந்து ஏறி, ஜன்னலோர இருக்கை கிடைத்தபிறகு, அந்த எண்ணை அழைத்தேன். அவளே எடுத்தாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். குரல் மாறியிருந்தாலும் "டீச்சர்" என்று சொல்வது அப்படியே இருந்தது. நலம் விசாரித்தேன். பிறகு, படம் என்னிடம் இருக்கிறது என்று சொன்னேன். மறுமுனையில் சத்தமில்லை.

"அந்தச் செருப்பு யாரோடதும்மா?" என்று கேட்டேன்.

"நீங்க அன்னைக்கே கேப்பீங்கன்னு நெனச்சேன் டீச்சர்" என்றாள்.

யாருடையது என்று சொன்னாள். வாரின் மஞ்சள் எந்த மஞ்சள் என்றும் சொன்னாள். அவை அவளுடையவை, இங்கே எழுதுவதற்கில்லை. திருமங்கலம் வந்தது, கள்ளிக்குடி போனது, விருதுநகரில் வண்டி பத்து நிமிடம் நின்று கிளம்பியது. அவள் பேசிக்கொண்டே இருந்தாள். நான் கேட்டுக்கொண்டே வந்தேன்.